ஊஞ்சற் பலகை

ஊஞ்சல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது ஒரு பலகையும் நான்கு சங்கிலிகளும் மட்டுமல்ல. ஒரு வீட்டின் பேச்சொலியும் உடன் எழும். தமிழிலக்கியம் இதனை 'ஊசல்' என்று போற்றிற்று. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் தினைப்புனத்தருகே ஊசலாடும் தலைவி உண்டு. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் ஊசல்வரி உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஊசலும் ஒன்று. கலம்பக உறுப்புகளிலும் அதற்கு இடமுண்டு. இவற்றையெல்லாம் வகுப்பில் பல்லாண்டுகளாக நடத்தி வருகின்றேன். எனினும் வீட்டுக்கென ஓர் ஊஞ்சல் வாங்க முற்பட்டபோதுதான், அந்தப் பலகைக்குப் பின்னால் எத்துணைச் செய்திகள் உள்ளன என்பது விளங்கலாயிற்று.

வாலாசாபாத்தை அடுத்துள்ள தென்னேரி எங்கள் ஊர். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கி விரிந்து கிடக்கின்றது. நீர் நிரம்பிய நாள்களில் மாலைக் காற்று அவ்வேரியின் குளிர்ச்சியைத் தெருவரை சுமந்து வரும். அக்காற்றை வரவேற்க எங்கள் பழைய வீட்டில் திண்ணை இருந்தது. வீட்டைப் புதுக்கிக் கட்டியபோது இடநெருக்கடியால் திண்ணை மறைந்தது. முகப்பில் சிறு தாழ்வாரம் மட்டும் எஞ்சியது. அத்தா இறைவனடி சேர்ந்தபின் அம்மா அங்கும் வருவதில்லை. முழங்கால் வலியால் தரையில் அமர இயலாது. நாற்காலி இட்டுக் கொடுத்தோம். "நாற்காலியில உட்கார்ந்தா யாருக்கோ காத்துக்கிட்டிருக்கிற மாதிரி இருக்குது, தம்பி" என்றார்கள். அதன்பின் அந்த நாற்காலி வெறுமையாகவே கிடந்தது. ஒருவர் வீட்டுக்குள்ளேயே மெல்லச் சுருங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதன்று.

நகரத்துக் கடைகளில் புதுவகை இருக்கை ஒன்றைக் கண்டேன். தரையில் நிற்கும் சட்டமொன்றில் இரும்புக் கரங்கள் தாங்க, முன்னும் பின்னுமாக நழுவும் மரப்பெஞ்சு அது. உத்திரமும் கொக்கியும் வேண்டா. விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மேலைநாட்டு வீடுகளில் முகப்பிலும் தோட்டத்திலும் இதனை இடுவர். வசதியானதுதான். ஆயினும் மெருகெண்ணெயின் பளபளப்புக்குக் கீழே என்ன மரம் இருக்கின்றது என்பதை விற்பவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மரம் தேர்வதற்குத் தொல்காப்பியமே எனக்குக் கைகொடுத்தது என்றால் மாணவர்கள் வியக்கக்கூடும். வைரம் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் பகுத்துரைக்கின்றது மரபியல். பனையும் தென்னையும் முதல் வகை. தேக்கும் வேம்பும் இரண்டாம் வகை. தச்சர்கள் இன்றும் இவ்வுண்மையை வைத்தே பேசுகின்றனர். மரத்தின் வெளிவட்டமாகிய வெளிறு கரையானுக்கு இரை. உள்வட்டமாகிய வைரமே நிலைத்து நிற்பது. தேக்கின் வைரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால் மழைச்சாரலையும் பூச்சியையும் அது தாங்கும். ஆறு அடி நீளமும் இரண்டு அடி அகலமும் இரண்டு அங்குலக் கனமும் உள்ள பலகைக்கு 2 கன அடி மரம் வேண்டும். தேக்காயின் 35 முதல் 40 கிலோ எடை இருக்கும். நன்கு உலராத மரம் பின்னர் வளையும், வெடிக்கும்.

அடுத்த வினா, அதனைத் தாங்குவது எது என்பது. பழைய வீடுகளில் மர உத்திரம் இருந்தது. இன்றைய கான்கிரீட் தளத்தில் கொக்கியை வார்ப்பின்போதே உள்ளிரும்புக் கம்பிகளோடு பிணைத்துவிட வேண்டும். பின்னர்த் துளையிட்டு மாட்டுவதினும், சுவருக்குச் சுவர் இரும்பு உத்திரம் ஒன்று இடுவதே காப்பானது. ஏனெனில் ஆடும் ஊஞ்சல் நிற்கும் ஊஞ்சலினும் மிகுதியாகக் கீழிழுக்கும். 45 பாகை விலகி ஆடினால், அடிப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் சங்கிலி தாங்கும் சுமை ஒன்றரை மடங்குக்கும் மேலாகின்றது.

இயற்பியல் துறை நண்பர் ஒருவர் மற்றொன்றையும் நினைவூட்டினார். ஊசலின் வேளை அதன் நீளத்தைப் பொறுத்ததே தவிர, அமர்ந்திருப்பவரின் எடையைப் பொறுத்ததன்று. ஏழு அடி நீளச் சங்கிலியில் மென்மையாக ஆடும் ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 3 விநாடி கொள்ளும். செல்வர் அமரினும் எளியவர் அமரினும், முதியவர் அமரினும் சிறுவர் அமரினும் அதே 3 விநாடிதான். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கும் சமன்மையை ஒரு பலகையும் அறிந்து வைத்திருப்பது எனக்கு மகிழ்ச்சி தந்தது.

இறுதியில் எங்கள் பகுதித் தச்சர் ஒருவரிடமே பணியை ஒப்படைத்தேன். தறிமரம் செய்வதில் பழகிய கை அவருடையது. நெசவாளர் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றதனால் புதுத்தறி கேட்பார் அருகிவிட்டனர் என்றார் அவர். காஞ்சிப் பட்டின் புகழுக்குப் பின்னால் நெசவாளரின் கை இருப்பதை நாடறியும். அவர் அமரும் தறியைச் செய்த கையை யாரும் கேட்பதில்லை. வீண்விரயத்தை நம் மார்க்கம் விலக்குகின்றது. ஆனால் தேவையான பொருளுக்கு உரிய கூலியைக் குறையாமலும் காலந்தாழ்த்தாமலும் வழங்குவதை அது அறமாக விதிக்கின்றது. எனவே விலையில் பேரம் பேசவில்லை. பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பாதம் தரையில் பதிந்தால்தான் முதியவர் அச்சமின்றி அமரவும் எழவும் கூடும்.

ஊஞ்சல் மாட்டப்பட்டது. பேரப்பிள்ளைகள் ஆடினர். அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தார்கள், அமரவில்லை. "எனக்கு ஒருத்திக்கு எதுக்குப்பா இவ்வளவு பெரிய பலகை?" என்று மட்டும் கேட்டார்கள். நற்றிணையின் 90ஆம் பாடலில், விழாநாளில் தோழியர் ஆட்டியும் ஊசலாடாது அழுது அகலும் இளம்பெண் ஒருத்தி வருகின்றாள். அப்பாடலின் சூழல் வேறு. ஆயினும் ஊசல் இருப்பதால் மட்டும் உள்ளம் ஆடிவிடாது என்பதை அது எனக்கு உணர்த்திற்று.

ஒரு வாரம் கழிந்தது. பாவு சுற்றும் வேலைக்குச் சென்று திரும்பும் அண்டைவீட்டு மூதாட்டி ஒருவர் ஒருநாள் மாலை படியேறி வந்து, கேளாமலேயே பலகையின் ஒரு பாதியில் அமர்ந்தார். "வாங்கக்கா, தனியா ஆடினா தலை சுத்துது" என்றார். மறுபாதியில் அம்மா அமர்ந்தார்கள். அன்று அவர்கள் பேசியது மழையைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியுமே. இப்போது நாள்தோறும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதில் அப்பலகை இருவருக்கு உரியதாகிவிட்டது. மூன்றாமவர் வந்தாலும் இடமுண்டு.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் பொருளீட்டி வீடு கட்டுவீர்கள். அறைகளை எண்ணும்போது, வழியே போகிறவர் உரிமையோடு வந்து அமர ஓரிடம் இருக்கின்றதா என்பதையும் எண்ணுங்கள். அது திண்ணையாக இருக்கலாம், நழுவும் பெஞ்சாக இருக்கலாம், ஊஞ்சலாகவும் இருக்கலாம். வாங்கும்போது மட்டும், இருவர் அமரும் அளவில் வாங்குங்கள்.