ஓடாத வண்டிக்கும் வயசாகும்



டீச்சருக்கும் கார் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். 38,500 ரூபாய் ஃபீஸ் கட்டிப் படித்த பாடம் இது. உங்களுக்கு இலவசமாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டுக் காரை உங்களில் பலருக்குத் தெரியும். என் கணவர் ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வேலையில் இருந்தபோது வாங்கியது. எனக்கு 51 வயதில் ஓட்டக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். 2020-ல் அவர் தவறிய பிறகு, "வித்துடலாம்மா" என்றான் பெரியவன். எனக்கு மனசு வரவில்லை. வாரம் ஒரு தடவை மார்க்கெட், மாதம் ஒரு தடவை திருவேற்காடு கோயில். அவ்வளவுதான் ஓட்டம்.

2024 ஆடி மாதம் சர்வீஸுக்கு விட்டேன். அம்பத்தூர் சி.டி.எச். ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். பெயர் சொன்னால் கூச்சப்படுவான்.

"டீச்சர், டைமிங் பெல்ட் எப்ப மாத்தினீங்க?"

"ஆறு மாசம் முன்னாடிதான்ப்பா."

"அது ஃபேன் பெல்ட்டா இருக்கும் டீச்சர். இது உள்ள, கவருக்குப் பின்னாடி இருக்கும். செட்டோட மாத்தினா 7,000 ஆகும்."

மீட்டரைப் பார்த்தேன். 64,000 கிலோமீட்டர். "லட்சம் ஆகட்டும்ப்பா, பார்க்கலாம்" என்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காசு பிடுங்கப் பார்க்கிறானோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். என்னிடம் படித்த பிள்ளையை அப்படி நினைத்தது இன்றைக்கும் உறுத்துகிறது.

2025 தை மாதம். மகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் கிளம்பினேன். ஆவடி - பூந்தமல்லி ரோட்டில் பருத்திப்பட்டு தாண்டி, செந்நீர்க்குப்பம் நெருங்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம். இன்ஜின் நின்றுவிட்டது. அதற்கு முன் ஒரு முனகல் இல்லை, உதறல் இல்லை. ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. பின்னால் தண்ணி லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடிக்கிறார். பின் சீட்டில் பேத்தி அழுகிறாள். ஓடின வேகத்திலேயே எப்படியோ ஓரம் கட்டினேன். பதட்டத்தில் சாவியை நாலைந்து தடவை திருப்பினேன். விர்ரென்று லேசாகச் சுற்றியதே தவிர ஸ்டார்ட் ஆகவில்லை.

அவனே வந்து வண்டியை எடுத்துப் போனான். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் ஆறு வால்வு வளைந்திருந்தது. "சொன்னேனே டீச்சர்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒரு பேப்பர் கொடுங்க, வரைஞ்சு காட்டறேன்" என்றான். நான் போர்டில் எழுதிய விகிதக் கணக்கை எனக்கே திருப்பிச் சொல்லிக் கொடுத்தான்.

பிஸ்டன்கள் சுற்றுவது கீழே இருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டை. வால்வுகளைத் திறந்து மூடுவது மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட். கீழே இரண்டு சுற்று என்றால் மேலே ஒரு சுற்று. இந்த 2:1 கணக்குத் தப்பாமல் பிடித்து வைத்திருப்பது பல் வைத்த அந்த ஒரு ரப்பர் பெல்ட்தான். இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு வால்வும் 1,500 தடவை திறந்து மூட வேண்டும். அதாவது வினாடிக்கு 25 தடவை! பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். கீழே இருந்து வரும் பிஸ்டனோ நிற்காது, திறந்து நிற்கும் வால்வில் மோதும். மோதாதபடி இடைவெளி விட்டுச் செய்த இன்ஜின்களும் உண்டு. என் வண்டி அந்த வகை இல்லை.

தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஊசி இறங்கும் நேரமும் கீழே ஷட்டில் வரும் நேரமும் தப்பினால் ஊசி உடையும் இல்லையா? இந்தப் பல் பெல்ட்டே 1940-களில் அமெரிக்காவில் தையல் மெஷினுக்காக வந்ததுதானாம். பெருமளவில் தயாரித்து விற்ற கார்களில் முதலில் வந்தது 1962-ல், ஜெர்மனியின் கிளாஸ் 1004 வண்டியில். நம் ஊர் அம்பாசடரில் இருந்தது செயின். மாருதி 800-க்கும், 1998-ல் நம் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த முதல் சான்ட்ரோவுக்கும் பெல்ட்.

"நான்தான் அதிகம் ஓட்டலையேப்பா?" என்று கேட்டேன். "டீச்சர், டிராயர்ல சும்மா கிடக்கிற ரப்பர் பேண்ட் இத்துப் போகுதே, அது எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சு?" என்றான். எனக்குப் பதில் இல்லை.

அன்று இரவு பீரோவில் அவருடைய பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அவர் கையெழுத்தில் இருந்தது: "12-3-2016. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மாற்றியது. 51,800 கி.மீ. அடுத்தது 60,000 கி.மீ. அல்லது 5 வருஷம், எது முந்தியோ." கடைசி வார்த்தைகளுக்கு அடியில் கோடு வேறு. ஐந்து வருஷம் முடிந்தது 2021 மார்ச்சில். அதற்குள் அவரே போய்விட்டார். நான் அந்த நோட்டை எடுத்துத் துடைத்து வைத்தேனே தவிர, ஒரு நாளும் பிரித்துப் படிக்கவில்லை. வெறும் 12,000 கிலோமீட்டர்தான் கூட ஓடியிருந்தது. ஆனால் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உங்கள் வண்டியின் மேனுவலைப் பாருங்கள். பெல்ட் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை கெடு இருக்கும். வருஷக் கணக்கு நாலைந்து வருஷத்திலிருந்து சில புது வண்டிகளில் பத்து வரை போகும். எது முந்துகிறதோ அதுதான் கணக்கு.

2. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி, பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு உடனே மாற்றுங்கள்.

3. பெல்ட்டை மட்டும் மாற்றாதீர்கள். டென்ஷனர், பேரிங்குகளையும் சேர்த்து மாற்றுங்கள். அதே பெல்ட் வாட்டர் பம்ப்பைச் சுற்றினால் அதையும் மாற்றிவிடுங்கள். ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஆயில் பட்டால் பெல்ட் கெடும். பிரிக்கிற கூலி ஒரு தடவைதான்.

4. ஓடும்போது அறுந்தால் என்னைப் போலச் சாவியைத் திருப்பாதீர்கள். வளையாத வால்வும் வளையும்.

5. மாருதியின் கே-சீரீஸ் இன்ஜின்கள், பழைய 1.3 டீசல் ஸ்விஃப்ட் போன்றவற்றுக்குச் செயின். அதற்கு இப்படிக் கெடு கிடையாது. ஆனால் ஆயிலை நேரத்துக்கு மாற்ற வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் கலகலவென்று சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வீட்டில் அப்பா, தாத்தா ஓட்டிய வண்டி சும்மா நிற்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். நம் பிள்ளைகள்தான் அதில் ஏறுகிறார்கள்.

வண்டி திரும்பி வந்த அன்று, அவர் வரிக்குக் கீழே நானும் எழுதினேன்: "பிப்ரவரி 2025. டைமிங் பெல்ட், முழு செட். அடுத்தது 2030." ஒர்க் ஷாப்பில் அவனிடம், "உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்ப்பா" என்று சொல்லியும் விட்டேன். "விடுங்க டீச்சர், டீ சாப்பிடுங்க" என்றான்.

உங்கள் வண்டியில் பெல்ட் எப்போது மாற்றினீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால், நாளைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்