வாப்பாவின் வண்டி

2023 டிசம்பர்ப் பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, வாப்பா நமக்கு விட்டுச்சென்ற அம்பாசடர் கார் பாதிக் கதவளவு நீரில் நின்றது. எஞ்சினைச் சீராக்கினோம், அடியில் கண்ட துருவுக்கோ, மலிவு கருதிப் பட்டி பூசி வர்ணம் அடித்தோம்.

பின்னர் ஒருநாள் பின்கதவு மூட மறுத்தது. மேலப்பாளையத்து டிங்கர் பெரியவர் கதவைத் தொடவேயில்லை. குனிந்து, கதவுப்படியின் கீழ்த் தகட்டைச் சுத்தியலால் தட்டினார். பட்டி பெயர்ந்தது, துருத்தூளும் வண்டலும் கொட்டின.

லாரிக்கு உள்ளதுபோல் இவ்வண்டிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தளமும், படிகளுக்குள் ஓடும் பெட்டித் தகடுகளுமே பாரம் தாங்குகின்றன. அவற்றின் வடிதுளைகளை ஆற்று வண்டல் அடைக்க, ஈரம் உள்ளிருந்தே அரித்துவிட்டது. நாம் பூசிய பட்டி அதை அழகாக மறைத்திருந்தது!

2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இத்தனை செலவா என்று வீட்டில் கேட்டனர். வாப்பாவின் கைபட்டது என்பதன்றி நம்மிடம் மறுமொழி இல்லை.

பெரியவர் வண்டியைக் கட்டைகள்மீது மட்டமாக நிறுத்தி, கதவு வாசலில் குறுக்குக் குழாய் பற்றவைத்த பின்பே அரித்ததை வெட்டினார். இல்லையேல் கூடு தொய்ந்துவிடும். புதுத் தகட்டைச் சிறிது சிறிதாகப் பற்றவைத்து, இடையிடையே கதவை மூடிப் பார்த்தார். ரெட் ஆக்சைடு காய்ந்ததும் வடிதுளைகளில் கம்பி விட்டுக் காட்டி, "மழைக்கு மழை இதைச் செய்யுங்க, பாய்" என்று கம்பியை நம்மிடமே தந்துவிட்டார்.