ஃபால்ஸ் சீலிங்கை யாரும் அண்ணாந்து பாக்கல

எதிர் ஃபிளாட் விலைக்கு வந்திருக்கு. வேளச்சேரி.
சாவி எங்ககிட்டங்கிறதால, வீடு பாக்க வந்தவங்களுக்கு நான்தான் கைடு.

ஃபால்ஸ் சீலிங்கைக் காட்டினேன். "ம்."
இத்தாலியன் மார்பிளைக் காட்டினேன். "ம்ம்."
மாடுலர் கிச்சனைத் திறந்து திறந்து காட்டினேன். வந்தவங்கள்ல ஒரு அம்மா நேரா போய் குழாயைத் திறந்தாங்க.

அப்புறம் ஆரம்பிச்சுது.
மெட்ரோ வாட்டர் வருதா? போர் எத்தனை அடி?
2015 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு? 2023 டிசம்பர்ல?
கார் பார்க்கிங் பத்திரத்துல இருக்கா, வாய்வார்த்தையா?
யூடிஎஸ், அதாவது அடிமனையில பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு?

புரோக்கர் காதுல சொன்னார்: "கட்டடம் பழசாக ஆக விலை இறங்கும் சார். ஏறுறது அடிமனைதான்."

அப்போ எதுக்குத்தான் செலவு பண்றது?
மொட்டை மாடி ஒழுகல், பாத்ரூம் கசிவு, பழைய வயரிங். ஃபோட்டோல விழாத செலவுதான் பேரத்துல விலை குறையாம காப்பாத்துது.
ஓதம் ஏறின சுவர்ல புது பெயின்ட் அடிச்சா, வர்றவங்க அந்தச் சுவரைத்தான் தட்டிப் பாக்குறாங்க.
வீட்டை மேம்படுத்துற பெரிய வேலைக்கு பில்லை பத்திரமா வைங்க. விக்கும்போது மூலதன ஆதாய வரிக் கணக்குல கழிச்சுக்கலாம்.

இவ்வளவு ஞானம் வந்த பிறகும் எனக்கு ஹால்ல ஊஞ்சல் மாட்டணும்.
வித்தா பைசா தேறாது.
கொக்கி உங்களைத் தாங்குமான்னு வேற மேஸ்திரி கேக்குறார்.

நீங்க சொல்லுங்க... நம்ம வீட்டுக்கு நாம செலவு பண்றது நமக்காகவா, அடுத்து வாங்கப்போறவங்களுக்காகவா?