ஐந்தாம் பாதை

நான் ஒருமுறைகூட ஓடிப் பார்க்காத பாதைக்கு, "சுலபம், 11 கிலோமீட்டர், நிதானமாக ஓடினால் ஒரு மணி இருபது நிமிடம், வழியில் தண்ணீர் உண்டு" என்று என் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை நம்பி ஒரு அம்மாள் போனார். திரும்பி வர ஐந்தே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் அதற்குப் பிறகு செய்ததுதான் இதைவிட மோசம்.

நான் புதுச்சேரிக்காரன். தென்மேற்கு பிரான்சில் லொத் ஆற்றுப் பள்ளத்தாக்கில், பூசியேஸ் என்ற சிற்றூரை ஒட்டி ஆறு அறைகள் கொண்ட ஒரு விடுதியில் சமையலும் மேற்பார்வையும் என் பொறுப்பு. விருந்தாளிகள் எழுந்திருக்குமுன் ஓடப் போய்விடுவேன். நனைந்த சட்டையோடு திரும்பும்போது காப்பிக் கோப்பையும் கையுமாக வாசலில் நிற்பவர்கள், "எவ்வளவு தூரம் முசே?" என்று கேட்பார்கள். "பத்து" என்பேன். உண்மையில் ஆறு. தூரத்தைக் கூட்டிச் சொல்லாத ஓட்டக்காரன் உலகத்தில் உண்டா என்று அதைப் பொய்க் கணக்கில் சேர்க்காமலே விட்டிருந்தேன்.

அந்த ஆறு கிலோமீட்டரும் ஒரே பாதைதான், ஆற்றோரமாகப் போகும் படகிழு பாதை. ஒரு காலத்தில் மரமும் நிலக்கரியும் வைனும் ஏற்றிய தட்டைப் படகுகள் லொத் வழியே கரோன் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. போகும்போது ஆறே கொண்டுபோய்விடும்; திரும்பும்போது கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். பாறை செங்குத்தாகத் தண்ணீரில் இறங்கும் இடத்தில் இழுப்பவன் எங்கே கால் வைப்பான்? அதற்காக 1840களில் அந்தச் சுண்ணாம்புப் பாறையையே பக்கவாட்டில் குடைந்து, தலைக்கு மேலேயும் பாறை நிற்க, அரைக் குகைபோல வழி வெட்டினார்கள். ரயில் வந்தது, படகு போனது, பாதை மிஞ்சியது. அங்கே ஓடினால் நம் காலடிச் சத்தமே பாறையில் பட்டுத் திரும்பி, யாரோ பின்னால் துரத்தி வருவதுபோல் கேட்கும். ஓரிடத்தில் சிற்பி டானியல் மொன்னியே மீனும் சிப்பியும் நீர்ச்சுழியுமாகச் சுவரில் செதுக்கியிருக்கிறார். அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவேன். மருந்துக்கும் மேடு கிடையாது. எனக்கு அந்தப் பாதை பிடித்துப் போனதே அதனால்தான்.

மேடு இல்லாமல் இல்லை. தலையை நிமிர்த்தினால் அங்கேதான் இருக்கிறது. ஆற்றுக்கு ஏறக்குறைய நூறு மீட்டர் மேலே, பாறை விளிம்பில் சேன் சீர் லப்பொப்பி. கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1951-இல் வீடு வாங்கிய ஊர். 2012-இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் பிரான்சுக்காரர்களின் மனங்கவர்ந்த ஊராகத் தேர்வானது. நான் அங்கே காரில்தான் போயிருக்கிறேன். அதற்கும் மேலே கோஸ் எனப்படும் சுண்ணாம்பு மேட்டுநிலம். குட்டை ஓக் மரங்கள், ஜூனிப்பர் புதர், சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர்கள். எவ்வளவு மழை பெய்தாலும் கல்லிடுக்கு வழியே கீழே இறங்கிவிடும். மேலே ஓர் ஓடைகூடக் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் படித்துத் தெரியும்.

ஒரு வசந்தத்தில் முதலாளியம்மா சொன்னார்: "நீதான் தினமும் ஓடுகிறாயே, ஓட வருகிறவர்களுக்கு ஆறு பாதை எழுதிக் கொடேன்." ஒரு பாதைதான் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எதிர்க்கரையில் கொஞ்சம் ஓடி இரண்டாவதைத் தேற்றினேன். மீதி நான்கையும் சமையல்கட்டு மேசையில் வைத்தே ஓடி முடித்தேன். 1:25,000 வரைபடத்தை விரித்து, இறைச்சி கட்டும் நூலை வழிமேல் வைத்து அளப்பது. நான்கு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். ஐந்தாம் பாதைக்கு நூல் 44 சென்டிமீட்டர் வந்தது. உயரம் காட்டும் பழுப்புக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இடத்தை நூல் ஒரே இழுப்பில் தாண்டிவிட்டது. அங்கே பாதை எத்தனை கொண்டைஊசி வளைவு போடுகிறது என்று நூலுக்கு என்ன தெரியும்? ஒரு குக்கிராமத்தின் பக்கத்தில் நீரூற்றுக் குறி கண்டேன். "தண்ணீர் உண்டு" என்று எழுதினேன். உண்மையாக ஓடுகிறவன் என்றால் கல்லறைத் தோட்டத்துக் குழாய் எங்கே என்று எழுதியிருப்பான். இந்த நாட்டு ஊர்களில் பூந்தொட்டிக்கு ஊற்றுவதற்கென்று பெரும்பாலும் அங்கே ஒரு குழாய் இருக்கும்; கோடையில் ஓட்டக்காரர்கள் அதை நம்பித்தான் கிளம்புவார்கள்.

அந்த அம்மாள் வடக்கேயிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. அறுபதைத் தாண்டியவர், ஒழுங்காக ஓடிப் பழகியவர். ஜூலை மாதம், மாலை நான்கு மணி. அரை லிட்டர் பாட்டிலோடு கிளம்பினார். "இது போதுமா?" என்று கேட்டார். "தாராளம், நடுவில் பிடித்துக்கொள்ளலாம்" என்றேன்.

ஏழரைக்குச் சாப்பாடு. அவர் நாற்காலி காலி. தேடிப் போகவேண்டும் என்று தோன்றியது. எங்கே போய்த் தேடுவது? எனக்கு வழி தெரியாதே! கோழியைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டு, "படம் எடுத்துக்கொண்டிருப்பார்" என்று முதலாளியம்மாவிடம் சொன்னேன். நான் சொன்ன பொய்களில் மன்னிக்கவே முடியாதது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். மற்றவை வாய் தவறியவை; இது யோசித்துச் சொன்னது.

ஒன்பதே முக்காலுக்கு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வந்தார். காலணி, கெண்டைக்கால் எல்லாம் வெள்ளைப் புழுதி. முழங்காலில் ரத்தம் உறைந்திருந்தது. மூன்று கோப்பைத் தண்ணீரை நின்றபடியே குடித்தார். பிறகு இடுப்புப் பையிலிருந்து என் தாளை எடுத்து மேசையில் விரித்தார். வியர்வையில் மை பரவி, "சுலபம்" என்ற சொல் மட்டும் தெளிவாக இருந்தது. ஊற்று வறண்டிருந்ததாம். "கல் சிலுவை வந்ததும் இடப்பக்கம்" என்று எழுதியிருந்தேன். அங்கே திரும்பித்தான் தடம் மாறிப் போயிருக்கிறார். அவர் கோபப்படவில்லை. ஆசிரியை அல்லவா, தவறு எங்கே நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் விரும்பினார். "தாளைப் பார்த்துக்கொண்டே திரும்பிவிட்டேன். அந்த இடத்தில் குறி ஏதாவது உண்டா முசே?"

"இல்லை" என்றேன். ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "இருந்தது, அழிந்துவிட்டது. குறி போடுகிறவர்கள் இந்த வருஷம் அந்தப் பக்கமே வரவில்லை."

என்ன குறி என்று சொல்லவேண்டும். 1947-இல் பிரான்சில் நெடுநடைப் பாதைகளைத் தொடங்கியதிலிருந்து வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே சிவப்புப் பட்டை, இதுதான் அடையாளம். மரத்திலும் கல்லிலும் பூசியிருக்கும். அதே இரண்டு நிறமும் பெருக்கல் குறியாக இருந்தால், இந்த வழி இல்லை என்று பொருள். இதைப் பூசுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

பேச்சு அந்த மேசையோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அந்த அம்மாளோ, அடுத்து வருகிறவர்கள் கஷ்டப்படக் கூடாதென்று மறுநாள் காலையே சுற்றுலா அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டு ஊருக்கு ரயிலேறினார். அங்கிருந்து செய்தி, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பெரியவர் காதுக்குப் போனது. எழுபதைக் கடந்தவர். மூன்றாம் நாள் விடுதி வாசலில் நின்றார். ஒரு கையில் வண்ண டப்பா, இன்னொரு கையில் வெட்டுக் கத்தரி. என்னைக் குற்றம் சொல்ல வந்தாரோ என்று வயிறு கலங்கியது. அவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "ஏப்ரலில்தான் பூசினேன். எப்படி அழிந்ததென்று புரியவில்லை. எனக்குக் கண்ணும் முன்னைப்போல் இல்லை. நீங்கள் வந்து அந்த இடத்தைக் காட்டினால் நல்லது, முசே."

முழங்கால் வலி என்றேன். அவர் தனியாகவே போனார்.

செப்டம்பரில், விருந்தாளிகள் குறைந்த பிறகு, ஐந்தாம் பாதையில் முதல் முறையாகக் கால் வைத்தேன். ஏற்றத்தில் நான்கு தடவை நின்றேன். மேலே ஒரு கல்சுவருக்குப் பின்னால் இந்தச் சீமைக்கே உரிய ஆடுகள். வெள்ளை முகத்தில் கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு, மூக்குக் கண்ணாடி போட்டதுபோல. எல்லாம் தலையைத் தூக்கி என்னையே பார்த்தன. கல் சிலுவைக்கு வந்தேன். இடப்பக்கத் தடத்தின் வாயில் ஒரு ஓக் மரம். அதில் பெருக்கல் குறி, பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிறமாதிரி. ஏப்ரலில் பூசியது அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக இன்னொன்று. எதிரே கல்லில் மூன்றாவது. நேர் வழியில் வெள்ளையும் சிவப்பும், ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம், நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, அச்சு வைத்ததுபோல. சுற்றியிருந்த ஜூனிப்பர் கிளைகளை வெட்டி ஓரமாக அடுக்கியிருந்தார். குறி இருக்கிறது என்று அவர் கண்ணாரக் கண்டிருக்கிறார். என் சொல்லை நம்பித் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார். இடப்பக்கத் தடம் அரை கிலோமீட்டரில் ஆட்டுப்பட்டியின் கம்பி வேலியில் முட்டி நின்றது.

வீட்டுக்கு வந்து கோப்பிலிருந்து ஐந்தாம் தாளை உருவிக் கிழித்தேன். மூன்று, நான்கு, ஆறு? அவை இன்னும் இருக்கின்றன. மூன்றாம் பாதையை மட்டும் ஓடிப் பார்த்துத் திருத்திவிட்டேன். இதைத் தமிழில் எழுதுவதும் ஒருவகைக் கோழைத்தனம்தான். அந்தப் பள்ளத்தாக்கில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பெரியவர் மறுபடி வந்தார். பச்சை வால்நட்டை வைனில் ஊறவைத்து வீட்டில் செய்த மது, ஒரு பாட்டில். குறி அழிந்ததைக் கவனித்துச் சொன்னதற்கு நன்றியாம். உங்களைப்போல் ஓடுகிறவர்கள் இருப்பதால்தான் பாதை உயிரோடிருக்கிறது என்றார். பக்கத்திலிருந்த முதலாளியம்மா பெருமையாகத் தலையாட்டினார். நான் மூன்று கிளாஸ் எடுத்து வைத்து ஊற்றினேன். கசப்பும் இனிப்புமாக நன்றாக இருந்தது. இன்னொரு கிளாஸ் வேண்டுமா என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன்.