கொக்கி உயரம் சரிதானா?

ஆம்பூரை அடுத்த மாதனூர் பக்கம், பாலாற்றங்கரையில் 3 ஏக்கர் வைத்திருக்கிறார் அந்த 58 வயது விவசாயி. தோல் கழிவுநீரால் கிணற்றுத் தண்ணீர் உப்பேறிய பிறகு, நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறியவர். மகன் நான்கு வருடம் ஷூ கம்பெனி பஸ்ஸில் போய்வந்தான். ‘‘இனிமே நிலத்தைப் பார்த்துக்கிறேன் நைனா’’ என்று அவன் வந்து நின்றதும், பழைய டிராக்டரைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பெரிய செகண்ட் ஹேண்ட் டிராக்டர் வாங்கினார்.

பழைய வண்டியின் பின்சக்கரத்தில் 12.4-28 டயர். புதிதாக வந்ததில் சேற்று உழவுக்காக 14.9-28 போட்டிருந்தார்கள். டயர் மட்டுமே வண்டியின் பின்பக்கத்தைச் சுமார் 2 அங்குலம் உயர்த்திவிடும். அதை அவர் யோசிக்கவில்லை. கொக்கித் தகட்டில் மூன்று துளைகள் இருந்தன. குனிந்து மாட்ட வேண்டாமே என்று மேல் துளையில் கொக்கியைப் பொருத்தி, அதே இரண்டு சக்கர டிரெய்லரை மாட்டினார்.

முதல் தேங்காய் லோடு. தோப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறும் கரை மேட்டில், மகன் கிளட்சை விட்டதும் முன்சக்கரம் ஒரு சாண் மேலே எழும்பியது. ‘‘கிளட்ச்சை மிதிடா!’’ என்று கத்தினார். மிதித்தான், முன்பக்கம் தொப்பென்று இறங்கியது. கை நடுங்க இறங்கி வந்த பிள்ளையிடம், ‘‘கம்பெனியில உக்காந்து தைச்சவனுக்கு டிராக்டர் எப்படிப் புரியும்?’’ என்று சொல்லிவிட்டார். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று நண்பனிடம் போனில் கேட்டது அம்மா காதில் விழுந்தது.

மறுநாள் பக்கத்து ஊர் மெக்கானிக் வந்தார். டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவரச் சொன்னார். சமதரையில், லோடு இல்லாத டிரெய்லரைக் கழற்றி, தளம் மட்டமாகும்வரை முன்பக்கத்தை ஜாக்கியில் நிறுத்தினார். தரையிலிருந்து டிரெய்லர் வளையம் 20 அங்குலம். டிராக்டர் கொக்கி 26.

‘‘பாருங்கண்ணே, பின்சக்கரம் தரையில ஊனுற இடத்தைச் சுத்தித்தான் வண்டி பின்னால சாயும். இழுக்கிற இடம் உயர உயர, முன்சக்கரம் தூக்கும். டிரெய்லர் மூக்கும் மேல நிக்குது. பாரம் பின்னால போயி, கொக்கி மேல அழுத்தம் கொறைஞ்சிருக்கு. மேடு ஏறும்போது பின்டயருக்கு இன்னும் பிடி கெடைக்காது. பையன் உடனே கிளட்ச் மிதிச்சான், தப்பிச்சான்.’’

துருப்பிடித்த போல்ட்டில் டீசல் விட்டுக் கழற்றி, கொக்கியைக் கீழ்த் துளைக்கு இறக்கினார்கள். வளையமும் கொக்கியும் நேராக நின்றன. பின்னுக்குப் பூட்டு ஊசி போட்டார்கள். முன்பக்கத்தில் எடைக்கட்டிகளும் சேர்ந்தன. ‘‘மேல் இணைப்புக் கம்பி மாட்டுற இடத்துல மட்டும் எப்பவும் சங்கிலி கட்டி இழுக்காதீங்க. அங்க இழுத்தா வண்டி மல்லாந்துடும்’’ என்று எச்சரித்துவிட்டுப் போனார் மெக்கானிக்.

மாலையில் மறுபடி லோடு ஏறியது. அப்பா சாவியை நீட்டினார். ‘‘நேத்து சொன்னது தப்பு. மேல் துளையில மாட்டுனது நான்தான்.’’

மகன் பதில் சொல்லவில்லை. டேப்பை எடுத்து ஒருமுறை அளந்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான். கரை மேட்டில் நான்கு சக்கரமும் தரையிலேயே இருந்தன.