விதியென்று விடலாமா?

‘விபத்து’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும். அதன்பின் நாம் எதையும் வினவுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் அடையாற்றில் சாலையைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் மோதி வஃபாத்தானார். ஜனாஸாவுக்கு வந்திருந்த பெரியவர்கள், “அல்லாஹ்வின் நாட்டம், ஹயாத்து அவ்வளவுதான்” என்று ஆறுதல் கூறினர். அந்த ஆறுதலை நானும் ஏற்றேன். ஆயினும், முதியவர் ஒருவர் அச்சமின்றிக் கடக்க அங்கே ஏன் ஒரு வழியில்லை என்று எவரும் கேட்கவில்லையே என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

பொதுச் சுகாதார அறிஞர்கள் இக்கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகச் சாலைகளில் மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். இச்சாவுகளில் நூற்றுக்கு 92 ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் நேர்ந்தவை. மாண்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்து செல்வோரும் இரு சக்கர வண்டியில் செல்வோருமே. ஒருவருடைய வேகத்துக்கு மற்றொருவர் உயிரை விலையாகக் கொடுக்கிறார்!

டெல்லி ஐ.ஐ.டி.யில் பல்லாண்டு ஆய்ந்து, 2021-இல் மறைந்த பேராசிரியர் தினேஷ் மோகன் வலியுறுத்திய கருத்து எளிமையானது: மனிதன் தவறக்கூடியவன், அவன் தவறினாலும் உயிர் போகாதவாறு சாலையும் வேகமும் அமைய வேண்டும். எங்கே, எவ்வாறு உயிர் போயிற்று என்று பதிவானால்தானே எந்தத் திருப்பத்தைச் சீராக்குவது என்பது விளங்கும்? அத்தகைய பதிவுமுறை ஒன்றை நாட்டுக்கு உருவாக்கித் தந்தது, நம் அடையாற்றை அடுத்துள்ள சென்னை ஐ.ஐ.டி.

செய்ய மனமிருந்தால் வழியும் பிறக்கிறது. தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதை அகலமாக்கப்பட்டது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்க வகை செய்தது.

இறை நாட்டத்தை நம்புவது நம் ஈமான். வழியில் கிடந்து தீங்கு தருவதை அகற்றுவதும் அதே ஈமானின் ஒரு கிளை என்றன்றோ நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள்! அன்று அது முள்ளும் கல்லுமாய் இருந்தது. இன்றோ, மைலாப்பூரின் குறுகிய தெருக்களில் நடைபாதையை அடைத்து நிற்கும் நம் வண்டியாகவும், ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலின் முன் குறுக்கே நிறுத்தப்படும் ஸ்கூட்டராகவும், தலைக்கவசமின்றிப் புறப்படும் மகனிடம் நாம் கொடுக்கும் சாவியாகவும் இருக்கிறது. இவற்றை அகற்ற எந்த அரசாணைக்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.