டொக்டர் சொன்ன 15 மாதம்



கொஞ்சம் நீளமான பதிவு. முடிந்தால் கடைசி வரை வாசியுங்கள். உங்களிடம் ஒரு உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

போன கிழமை பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு இடையம் படிப்பித்தேன். பதினொரு பேரை உயரப்படி வரிசையில் நிற்க வைத்து, நடுவில் நின்ற ஆறாவது பிள்ளையைக் காட்டி, "இவர்ர உயரம்தான் இடையம்" என்றேன். ஒருவன் கேட்டான், "அப்ப சேர், மத்த பத்துப் பேரும் இந்த உயரமா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவின் நினைவு வந்துவிட்டது.

மாமா என்றால் என் மனைவியின் வாப்பா. நம் ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் மகளுக்குக் கொடுத்த வீட்டில்தான் இருக்கிறேன். வெள்ளாமை செய்த மனிதர். இரண்டு வருஷத்துக்கு முன் மாசி மாதம் தலையிடி என்றார். பிறகு பேசிக்கொண்டிருக்கும்போதே சொற்கள் தடுமாறத் தொடங்கின. ஸ்கேன் எடுத்தோம். மூளையின் இடப்பக்கம் கட்டி. கொழும்பில் ஒபரேஷன் செய்து, எடுத்த கட்டியைச் சோதித்த ரிப்போட் வந்தது. கிளையோபிளாஸ்டோமா, நான்காம் தரம்.

டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சராசரியாக 15 மாதம் என்று சொல்லலாம், ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும்" என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். இரவு பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தபோது என் கையில் '15 மாதம்' மட்டும்தான் மிச்சமிருந்தது. 'சராசரியாக' என்ற சொல்லை வழியில் எங்கோ தவற விட்டிருந்தேன். கணக்கு வாத்தியார் நான்.

வீட்டில் எல்லோரும் அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டாரில் இருந்த மச்சான் பதின்மூன்றாம் மாதத்துக்கு லீவு கேட்டார். கடைசி இரண்டு மாதம் வாப்பாவோடு இருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. மாமி, "அவருக்கு மட்டும் செல்லிராதீங்க, மருமகன்" என்று அழுதார். நான் தலையாட்டினேன்.

அந்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் தேடி வாசித்தேன். 2005இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு. 573 நோயாளிகள். ரேடியேஷனோடு டெமோசொலமைட் என்ற மாத்திரையும் எடுத்தவர்களில் பாதிப்பேர் 14.6 மாதத்துக்குள் இறந்துவிட்டார்கள். மற்றப் பாதிப்பேர் அதற்குப் பிறகும் இருந்தார்கள். இரண்டு வருஷம் முடிந்தபோது 100 பேருக்கு 26 பேரளவில் உயிரோடு இருந்தார்கள். ஐந்து வருஷத்தில்கூட 10 பேரளவில். ஆக, 15 மாதம் என்பது வரிசையின் நடுவில் நிற்கும் அந்த ஆறாவது பிள்ளை. மாமா வரிசையில் எங்கே நிற்கிறார் என்பது டொக்டருக்கும் தெரியாது. ரப்புல் ஆலமீனுக்கு மட்டும்தான் தெரியும்.

மாமாவுக்கு இதை விளங்கப்படுத்த எனக்குக் கணிதப் புத்தகம் தேவைப்பட்டிருக்காது. வெள்ளம் அள்ளிக்கொண்டு போன வருஷமும், நெல்லு மூட்டை அடுக்க இடம் போதாத வருஷமும் அவர் கண்டவர். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊர் சொல்வதை அவர் ஒரு நாளும் நம்பி இருந்ததில்லை. வீட்டில் எங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் அது நன்றாக விளங்கியிருக்கும்.

அவருக்குத் தெரியாமலும் இல்லை. ரேடியேஷனுக்கு மஹரகமக்குப் போகணும் என்றபோது அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நம் ஊரில் 'மஹரகம' என்றால் நோயின் பெயரை வேறாகச் சொல்லத் தேவையில்லைதானே. ஆறு கிழமை அங்கே முடித்து வந்த பிறகு ஒரு நாள், சுபஹு தொழுதுவிட்டு முற்றத்தில் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"மருமகன், உள்ளதச் செல்லுங்க. இந்த மாரி வெள்ளாமைக்கு நான் இரிப்பனா?"

"இன்ஷா அல்லாஹ் மாமா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அந்த வார்த்தையை நான் அன்று நம்பிக்கையோடு சொல்லவில்லை. திரையாகப் பிடித்தேன். அதற்காக இன்றும் தௌபாச் செய்கிறேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆடி மாதம் பேச்சு நின்றுவிட்டது. இதுதான் மற்ற நோய்களுக்கும் இந்த நோய்க்கும் உள்ள பெரிய வித்தியாசம். உயிர் போக முன்னரே பேச்சையும் விளக்கத்தையும் எடுத்துவிடலாம். நாங்கள் மௌத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தோம். அவரோடு பேசக் கிடைத்த நாட்களை யாரும் எண்ணவில்லை.

ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்து மூன்று விரலைக் காட்டினார். தண்ணீரா, மருந்தா, மூன்று பிள்ளைகளுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். மாமி, "கடனா?" என்றதும் கண்ணீர் வந்தது. யாருக்கு என்று கேட்டோம். சொல்ல வாய் வரவில்லை. எழுதக் கொடுத்த பேனையும் கையில் நிற்கவில்லை.

ஒன்பதாம் மாதம், ஊரில் விதைப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், மாமா வபாத்தானார். மச்சானுக்கு ஜனாஸா கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடக்கும் குடும்பங்கள் நம் ஊரிலும் பாலமுனையிலும் ஒலுவிலிலும் இருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். டொக்டரிடம் "எத்தனை மாதம்" என்று மட்டும் கேட்காதீர்கள். நன்றாகப் போனால் எப்படி, மோசமாகப் போனால் எப்படி, பேச்சும் நினைவும் எதுவரை இருக்கலாம் என்றும் கேளுங்கள். வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் நாள் பார்க்காமல் இப்போதே வரச் சொல்லுங்கள். நோயாளி கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால், கேட்க விருப்பமா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அஜல் அல்லாஹ்விடம் இருக்கிறது என்பது பேசாமல் இருப்பதற்குக் காரணம் இல்லை. வஸிய்யத்தை எழுதாமல் இரண்டு இரவு கழிக்க வேண்டாம் என்று நமக்குச் சொல்லித்தந்ததும் அதே மார்க்கம்தான்.

இனி அந்த உதவி. ஜனாஸா அன்று பள்ளியில் அறிவித்தோம், யாரும் வரவில்லை. மூவாயிரமோ, மூன்று லட்சமோ, மூன்று மூட்டை நெல்லோ எங்களுக்குத் தெரியாது. மாமா உங்களுக்கோ உங்கள் வாப்பாவுக்கோ ஏதும் தரவேண்டியிருந்தால், தயவுசெய்து வெட்கப்படாமல் வீட்டுக்கு வாருங்கள். சாட்சியோ கடதாசியோ கேட்க மாட்டோம்.

அவருக்காக துஆச் செய்யுங்கள்.